மாதாவுக்கு ஏது தம்பி

கார்த்திகை முடியவில்லை, அதற்குள் தொடங்கிவிட்டீர்கள். "எங்கையடி இந்த வருஷத்து லிஸ்ட்?" என்று குழுவில் முதலில் கேட்டவள் எப்போதும்போலக் கனடாக்காரி. "பொறு, ரீச்சர் இன்னும் பேப்பர் திருத்தி முடிக்கேல்லை," என்று பதில் போட்டவள் வவுனியாக்காரி. மற்றவர்கள் சிரிக்கும் முகங்களை வரிசையாக வைத்தீர்கள். பள்ளிக்கூடம் விட்டு இத்தனை காலமாகியும் நீங்கள் எனக்கு வைத்த 'ரீச்சர்' என்ற பெயர் மாறவில்லை.

சரி. இந்த வருடம் எனக்குப் பிடித்த பாட்டுகள், இசைத்தொகுப்பு, நேரில் பார்த்த கச்சேரி. இணைப்புகளைக் குழுவில் தனியாகப் போட்டிருக்கிறேன், அதனால் இங்கே பெயர்களை அடுக்கவில்லை. ஏன் பிடித்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கச்சேரிக்கு வரும்போது இந்த முறை கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களில் சிலரும் இருக்கிறீர்கள்.

பாட்டுகளில் மூன்றாமிடம் நீங்கள் சிரிக்கப்போகும் பாட்டு. வருடம் முழுக்க ஒவ்வொரு ஓட்டோவிலும் அலறிய அதே சினிமாப் பாட்டுத்தான். ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்கிற ஒருத்தி இதை வெளியே சொல்லக்கூடாது. ஆனால் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சு எடுக்கும் சத்தத்தை யாரோ வெட்டாமல் விட்டிருக்கிறார். அந்த மூச்சுக்காகத்தான். இரண்டாமிடம், கொழும்புப் பேருந்தில் கேட்ட ஒரு சிங்களப் பாட்டு. பாதி எனக்கு விளங்கவில்லை, விளங்காத பாதிதான் கூடுதலாகப் பிடித்தது. முதலிடம், மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி கைபேசியில் பாடித் தானே வெளியிட்டது. பின்னால் மின்விசிறி சுற்றுவது கடைசிவரை கேட்கிறது. என்னிடம் வந்திருந்தால் முதல் வேலையாக அந்த மின்விசிறியை எடுத்திருப்பேன். சுருதி விலகினால் இழுத்து நிறுத்துவதும், சொல் பிசகினால் சரியான சொல்லை வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டுவதும்தான் என் வேலை. நல்லகாலம், அவள் என்னிடம் வரவில்லை.

இசைத்தொகுப்பு ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் நம் பெடியன் ஒருவன் செய்தது. பாட்டுகளுக்கு நடுவே, தாய் தனக்குப் பேசி அனுப்பிய குரல் தகவல்களை அப்படியே வைத்திருக்கிறான். "தம்பி, சாப்பிட்டியோ? தம்பி, குளிருக்குத் தொப்பி போட்டனியோ?" பாட்டுகள் பரவாயில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தத் 'தம்பி'யை. பெற்ற மகனையே தம்பி என்று கூப்பிடும் தாய்மார் நம் பக்கம் முழுக்க இருக்கிறார்கள். தெருவில் போகிற எந்தப் பெடியனும் அவர்களுக்குத் தம்பிதான். என் அம்மா மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மீன் கொண்டுவருகிறவன், மின்சாரப் பில் கொடுக்க வருகிறவன், உங்கள் சொந்தத் தம்பிமார், எல்லாரும் அவருக்கு 'மகன்'. "உன்ர அம்மாவுக்கு எவ்வளவு பாசமடி, என்ர தம்பியையும் வாய் நிறைய மகன் எண்டுதானே கூப்பிடுவா," என்று கனடாக்காரி ஒருமுறை எழுதினாள். நான் அதற்கு ஓர் இதயத்தைப் போட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கச்சேரியும் ஒன்றுதான். மாசியில், அறுவடை முடிந்த கையோடு, அடம்பனில் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அம்மா பிறந்த ஊர் அடம்பன் என்பது உங்களுக்குத் தெரியும். வயல்காரச் சைவக் குடும்பம். அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து, மன்னார்க் கடற்கரையில் இருக்கும் எங்கள் கீரிக்கு வந்தவர். லீவில் வந்திருந்த நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வைக்கோல் வாசம், புழுதி, மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த மாடுகள். பகலில் உழவு மெஷின் ஓட்டும் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். நடுப்பாட்டில் ஜெனரேற்றர் நின்றுவிட்டது. ஒலிவாங்கி செத்தது, கீபோட் செத்தது. அவர் நிறுத்தவில்லை. வெறும் தொண்டையோடு மேடையின் விளிம்புக்கு வந்து பாடினார். இரைந்துகொண்டிருந்த சனம் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. பின்வரிசைக்காரர்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் அந்தப் பாட்டுத் தெரியும். உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் சரியாக அசைந்தன. சத்தம் வரவில்லை. பக்கத்தில் காது வைத்தும் பார்த்தேன், மூச்சுக்கூட வரவில்லை. கோயிலிலும் அவர் இப்படித்தான் வாயை மட்டும் அசைக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு காலமாக என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை போய் நின்ற இடம் நாம் ஆறாம் வகுப்பில் இருந்த வருடத்துத் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள்.

அந்த வருடம் ஞாபகமிருக்கிறதா? சண்டை முடிந்து அதிக நாளாகவில்லை. இன்ரேவலில் வேப்பமரத்துக்குக் கீழே உட்கார்ந்து 'இந்த வருஷத்தின்ர திறம் பத்துப் பாட்டு' என்று நாம் முதன்முதலாகப் பட்டியல் போட்டது அப்போதுதான். மார்க் போட்டவள் நான். எனக்குப் பாட்டுகள் வந்தது ஒரு சின்ன ரேடியோவிலிருந்து. உள்ளங்கை அளவு, பற்றரி மூடி இல்லை, பற்றரி விழாமல் இறப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கும். கடற்கரைப் பக்கம் திருப்பிப் பிடித்தால் இந்திய நிலையம் தெளிவாக இழுக்கும், ஊர்ப்பக்கம் திருப்பினால் கரகரக்கும். அந்த ரேடியோவுக்கும் எனக்கும் திசை ஒன்றுதான்.

அது மாமா தந்தது. மாமா என்றால் அம்மாவுடன் பிறந்த ஒரே சகோதரம், அவருக்கு இளையவர். அடம்பனிலிருந்து அரிசிச் சாக்கோடு சைக்கிளில் வந்து கருவாட்டோடு திரும்பிப் போவார். சண்டை இறுகிய காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனவர். பிறகு செய்தி இல்லை. எங்கள் வீட்டில் மாமாவைப் பற்றிய பேச்செல்லாம் இனி நடக்கப்போவதாகவே இருந்தது. மாமா வருவார். மாமா வந்தால் கூரை மாற்றுவார். வந்து கேட்டால் ரேடியோவைக் கொடுக்க வேண்டும், உடைத்துவிடாதே. எனக்கு அவர் மாமா, அவ்வளவுதான். அம்மா அவரை என்னவென்று கூப்பிட்டார் என்று நான் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் 'தம்பி' என்றால் அப்பா. அப்பாவின் அக்கா, என் மாமி, பக்கத்து வளவிலிருந்து விடியக்காலையில் கூப்பிடுவார்: "தம்பி! வள்ளம் வந்திட்டுதோ?"

தபசு காலம் தொடங்கியதும் மாமி எங்கள் ரேடியோவை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "ஆண்டவர் பாடுபடுற நேரத்தில படப்பாட்டென்ன படப்பாட்டு?" கீரி முழுக்க அப்படித்தான். கலியாணம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கோயிலில் பசாம் மட்டும் பாடுவார்கள். உங்களில் கடற்கரைப் பக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டவருடைய பாடுகளை அழுகிற இராகத்தில் பாடுவது பசாம். வாத்தியம் கிடையாது. ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள். மாதா புலம்பும் இடம் வரும்போது மட்டும் ஒரு பெண் தனியாகப் பாடுவார். எங்கள் கோயிலில் வரி எடுத்துக் கொடுப்பவர் மாமி. மாதாவின் புலம்பலைப் பாடுகிறவர் அந்த வருடம் மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் தலைமன்னார் போய்விட்டார்.

இரண்டாம் வெள்ளி. வெக்கை. காற்றே இல்லை, கடல் குளம்போலக் கிடந்தது. சிமெந்து நிலத்தில் மணல் காலை உறுத்தியது. மாமி புத்தகத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார்.

"நல்லாப் பாடுவியாம் எண்டு தம்பி சொல்லுறவன். இந்தா, பிடி."

"ஐயோ மச்சாள், எனக்கு இந்த இராகம் சரிவராது."

"அழத் தெரியாதே உனக்கு? அழுற மாதிரிப் பாடு."

அம்மா எழுந்து நின்றார். பாடத் தொடங்கினார். வழக்கமாகப் பாடுகிறவர் மூக்கால் மெல்ல இழுப்பார். அம்மாவின் குரல் அடியிலிருந்து கிளம்பி, உயரே போய், அங்கே நின்று உடைந்தது. அடம்பன் பக்கத்துச் செத்த வீடுகளில் கேட்கும் குரல். விசிறிக்கொண்டிருந்த ஓலை விசிறிகள் நின்றுவிட்டன. அம்மா புத்தகத்தைப் பார்க்கவில்லை. 'என் மகனே' என்று வரவேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "என்ர தம்...பி" என்று நீட்டினார். முதல் எழுத்தில் கொஞ்ச நேரம் தங்கி, பிறகு விட்டார்.

அந்த இடைவெளியில் வெளியே நின்ற கழுதை ஒன்று கத்தியது.

நாம் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வாங்கில்தான் முதலில் சிரிப்புக் கிளம்பியது. யார் என்று சொல்ல மாட்டேன். மன்னாரில் பிறந்து கழுதைக்குச் சிரிக்காதவர் யார்? பிறகு பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. மாமி புத்தகத்தை வாங்கிப் படாரென்று மூடினார்.

"என்ன பிள்ளை இது? மாதாவுக்கு ஏதடி தம்பி?"

"வாய் தவறிட்டுது மச்சாள்."

"உங்கட பக்கத்து ஒப்பாரியை இஞ்ச கொண்டு வராதை. எழுத்தைப் பார்த்துப் பாடு."

ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா மெல்லச் சொன்னார்: "விடு அக்கா. ஏதோ பாடிட்டாள்."

"நீ சும்மா இரு தம்பி," என்றார் மாமி.

தன் தம்பியை ஏழு எட்டு அடி தூரத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னார். அந்தக் கோயிலில் யாருக்கும் அந்தத் 'தம்பி' கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் சிரிப்பு. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் "மாதான்ர தம்பி எப்பிடியடி சுகமோ?" என்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு வாரம்தான் கேட்டிருப்பீர்கள், பிறகு மறந்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அம்மாவைப் பார்த்து இன்னொரு தரம் யாரும் சிரிக்கக்கூடாது என்று மட்டும் முடிவெடுத்தேன். அதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. பழக்கிவிடுவது.

மாமியிடம் புத்தகத்தை இரவல் வாங்கிவந்தேன். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். நான் எதிரே பலகையில் உட்கார்ந்து, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்துப் பிடிப்பேன்.

"எங்கை, இந்த வரியைச் சொல்லுங்கோ."

அம்மா சொல்வார்.

"இதில என்ன சொல்?"

"மகனே."

"இன்னொருக்கா."

"மகனே."

"இப்ப பாடுங்கோ."

பாடினால் 'தம்' என்று வந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொள்வார். நான் ரீச்சர் மாதிரித் தலையை ஆட்டுவேன். திரும்பவும் முதல் வரியிலிருந்து. தேங்காய்ப்பூக் குவியும், துருவலை நிற்கும், மறுபடி தொடங்கும். ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி எண்டா என்ன பிள்ளை பிழை? தாய்மார் பெடியளைத் தம்பி எண்டும் கூப்பிடுறவைதானே?"

"புத்தகத்தில மகனே எண்டுதான் கிடக்கு."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். வாதாடவில்லை. பத்து வயதுப் பிள்ளை சொன்னதற்கு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல அடங்கிப் படித்தார். அடுத்த வெள்ளி ஒரு சொல்லும் பிசகவில்லை. இராகத்தையும் நான் திருத்தியிருந்தேன், மூக்கால் மெல்ல இழுக்க வைத்திருந்தேன். கழுதை கத்தவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. விசிறிகள் நிற்கவும் இல்லை. கோயில் முடிந்து வெளியே வரும்போது மாமி அம்மாவின் தோளைத் தட்டினார்: "இப்பதான் மாதா மாதிரிக் கிடக்கு." அப்பா என் தலையைத் தடவினார். அன்றைக்கு நான் எவ்வளவு பெருமையோடு நடந்தேன் என்று நினைக்கும்போதுதான் எனக்கு இப்போது உட்கார முடிவதில்லை.

அந்தத் தபசு காலம் முழுக்க அம்மா சரியாகப் பாடினார். அடுத்த வருடம் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார், பிறகு யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. "முதலில கொஞ்சம் தடுமாறினவ, இப்ப எங்களில ஒராளாகிட்டா," என்று மாமி சொந்தக்காரர்களிடம் சொல்வார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ரேடியோ ஈஸ்டர் முடிந்து அலுமாரியிலிருந்து இறங்கியது. மழைக்குள் ஒருநாள் நனைந்து பேசாமல் போய்விட்டது. இறப்பர் வளையம் மட்டும் சிலகாலம் என் பென்சில்களைக் கட்டியிருந்தது.

உயர்தரம் படித்த காலத்தில் அம்மாவோடு ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார்கள். முற்றத்தில் தகரக் கொட்டகை, அதற்குள் கதிரைகளில் தாய்மார், மடியில் படங்கள். எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஆள் உங்களுக்கு என்ன முறை?"

அம்மா சொன்னார்: "தம்பி."

அவருக்கு விளங்கவில்லை போல. "என்ன?"

"தம்பி. என்ர தம்பி."

முதல் எழுத்தில் கொஞ்ச நேரம் தங்கி, பிறகு விட்டார். பேச்சில்கூட அதே நீளம், அதே உடைவு. அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டேன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. காது என் தொழிலாவதற்கு முன்பே எனக்கு நல்ல காது.

செத்தவர்களுக்குத்தான் ஒப்பாரி. வரப்போகிறவருக்கு ஒருவரும் ஒப்பாரி வைப்பதில்லை, வைத்தால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அம்மாவுக்குத் தன் தம்பியை நினைத்து வாய்விட்டு அழ உலகத்தில் ஓர் இடம் இருக்கவில்லை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, பிறர் பிள்ளைக்காக அழுகிற பாட்டுக்குள் ஒரு சின்ன இடம் கிடைத்தது. மாமி அதைச் சைவக்காரியின் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டார். நான் எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டேன்.

கந்தோரிலிருந்து வரும் வழியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. படிப்பு, கொழும்பு, வேலை. கேட்காமலிருக்க ஆயிரம் காரணம் இருந்தது. அடம்பன் கச்சேரியில் அந்த வெறும் உதடுகளைப் பார்த்த பிறகு எந்தக் காரணமும் நிற்கவில்லை.

அடுத்தநாள் காலை அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செதில் வெயிலில் தெறித்தது. காகங்கள் மதிலில் வரிசையாக இருந்தன. நான் கைபேசியில் பதிவை ஓடவிட்டு, மரக்குத்தியில் சாய்த்து வைத்தேன்.

"அம்மா, மாதான்ர புலம்பலை ஒருக்காப் பாடுங்கோ."

"இப்ப என்ன திடீரெண்டு?"

"அந்த முதல் நாள் பாடின மாதிரி. தம்பி எண்டே பாடுங்கோ. நான்தான் உங்களுக்குப் பிழையாப் பழக்கினனான்."

கத்தி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது. அது போதும் போலிருந்தது, விளக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"நீ என்ன பிழை செய்தனீ? புத்தகத்தில கிடந்ததைத்தானே சொல்லித் தந்தனீ," என்றார்.

பிறகு மணிக்கட்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாடினார். குரல் வந்தது. மெல்லிதாக, மூக்கால். அந்த இடம் வந்ததும், "என் மகனே" என்றது.

நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து எடுத்தார். மறுபடியும் "மகனே". மூன்றாம் தரம் அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்று மூச்சு எடுத்தார். நாக்கு மேற்பல்லில் போய் ஒட்டியதைப் பார்த்தேன். அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. சத்தம் வரவில்லை.

பிறகு சிரித்தார். கூச்சத்தோடு, பாடம் மறந்த பிள்ளைபோல.

"இல்லை பிள்ளை. இப்ப மகனே எண்டுதான் வருது. நீ நல்லாப் பழக்கிப்போட்டாய்."

பாராட்டாகத்தான் சொன்னார். கத்தியை எடுத்து அடுத்த மீனைத் திருப்பிப் போட்டார்.

ஆகவே அடம்பன் கச்சேரி இரண்டாமிடத்துக்கு இறங்குகிறது. முதலிடம்: கீரிக் கோயில், தபசு காலத்து இரண்டாம் வெள்ளி, பாடியவர் என் அம்மா. எந்த வருடத்துக் கச்சேரி என்று கேட்காதீர்கள், எனக்கு இந்த வருடம்தான் முழுதாகக் கேட்டது. பாடிய நேரம்: கழுதை கத்தும்வரை. இணைப்பு இல்லை.